மலை முழுக்க ஒரே பலகை

லார்க்ஸ்பர் மலையில், சறுக்க வருபவர்களை உச்சிக்கு ஏற்றிப்போகும் நாற்காலி லிஃப்ட் ஓடத் தொடங்குவது காலை ஒன்பது மணிக்கு. அந்தச் சனிக்கிழமை எட்டே முக்காலுக்கே வரிசையில் முதல் ஆளாக நின்றாள் மார்னி ஹாகன். வயது பதினொன்று. இரண்டாவதாக நின்றவன் அவள் அண்ணன் கோல்பி. அவனுக்குப் பதின்மூன்று.

கோல்பி ரொட்டியை மென்றுகொண்டே தங்கையின் காலடியைப் பார்த்தான். அங்கே பச்சை நிறத்தில் இரண்டு பனிச்சறுக்குப் பலகைகள் பளபளத்தன.

“தவளையைத் தட்டையா அடிச்ச மாதிரி இருக்கு” என்றான்.

“அத்தை அடிச்ச பெயின்ட். தைரியமிருந்தா அவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

கோல்பி அவசரமாக ரொட்டியை இன்னொரு கடி கடித்தான்.

இங்க்ரிட் அத்தை பனிச்சறுக்குப் பலகை செய்பவர். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைதான் அவர் பட்டறை. மரத்தை இழைப்பார், ஒட்டுவார், ஓரத்தில் எஃகு விளிம்பு பதிப்பார். இரண்டு வருடமாக அவர் சிறுவர்களுக்கென்று ஒரு பலகை செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து ஜோடிகள் சரிவரவில்லை. இது ஆறாவது.

மலையில் சறுக்குப் பள்ளி நடத்துபவர் டுவைட் பெல்லாமி. அவருக்குத் தினமும் ஒரே தலைவலி. புதுப் பனி கொட்டினால் பிள்ளைகளுக்கு அகலமான பலகை வேண்டும். பனி இறுகிப்போனால் ஒல்லியான பலகை வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பலகை மாற்றும்போது அழுகையும் அடிதடியுமாக இருக்கும். ஒருமுறை ஒரு பையன் இரண்டு காலிலும் வேறு வேறு பலகையை மாட்டிக்கொண்டு, வட்டமாகச் சுற்றி வந்து அவர் மேலேயே மோதினான்.

“ரெண்டு குவியல் எதுக்கு? ஒரே ஜோடி போதும். மலை முழுக்க அதுலயே போகலாம்” என்று அத்தை அவரிடம் சொல்லியிருந்தார்.

“சனிக்கிழமை பதினோரு மணிக்குக் காட்டுங்க. பார்க்கலாம்” என்றார் பெல்லாமி. அவர் “பார்க்கலாம்” என்றால் சரி என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை.

சிறுவர் பலகையில் அத்தை ஏறி நிற்க முடியாது. அதனால் ஓட்டிப் பார்க்கும் வேலை மார்னியுடையது. புதன்கிழமை பள்ளி விட்டதும் அவள் இதே ஜோடியில் மலை முழுக்கச் சுற்றினாள். ஒரு குறையும் இல்லை. இன்று பதினோரு மணிக்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஒரு சுற்று வந்தால் போதும் என்றுதான் சீக்கிரமே வந்திருந்தாள்.

லிஃப்ட் இருவரையும் உச்சிக்குக் கொண்டுபோனது.

முதலில் பெரிய சரிவு. பனியைச் சமன்செய்யும் உருளை வண்டி இரவோடு இரவாக அதைச் சீவி வாரி விட்டிருந்தது. பனி இறுகிக் கிடந்தது. மார்னி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். எஃகு விளிம்பு பனியைக் கவ்வியது. தண்டவாளத்தில் போவதுபோல் பலகை வளைந்து திரும்பியது. மறு பக்கம் சாய்ந்தாள். மறுபடியும் அதே பிடி.

“எப்படிப் பிடிக்குது?” என்று கத்தினான் கோல்பி.

“சூப்பரா பிடிக்குது! புதன்கிழமையைவிட நல்லா பிடிக்குது!”

கோல்பி விசிலடித்துக்கொண்டே பின்னால் வந்தான். தானே அந்தப் பலகையைச் செய்ததுபோல் ஏனோ ஒரு பெருமை அவன் முகத்தில்.

அடுத்து, ‘கிண்ணம்’ என்று எல்லோரும் சொல்லும் பெரிய பள்ளம். அங்கே முந்தின நாள் விழுந்த பொடிப்பனி யார் காலும் படாமல் கிடந்தது. மார்னியின் பலகையின் நுனி மேலே எழும்பிக்கொண்டது. அவள் மிதந்துகொண்டே இறங்கினாள். கோல்பியின் கால்களில் இருந்தது ஒல்லியான பந்தயப் பலகை. பத்தடி போவதற்குள் முழங்கால் வரை புதைந்துவிட்டான்.

“அண்ணா, உள்ளே எப்படி இருக்கு? கதகதப்பா இருக்கா?”

“சிரிக்காதே. கையைக் குடு.”

மூன்றாவது, ஓநாய்க் காடு. தேவதாரு மரங்களுக்கு நடுவே நெளிந்து போகும் பாதை. நேற்று நூறு பேர் போய் உழுதுவிட்ட பனி, இரவில் அப்படியே உறைந்து கட்டி கட்டியாக நின்றது. மார்னிக்கு இது புதிதல்ல. புதன்கிழமையும் இப்படித்தான் இருந்தது. அவள் துணிந்து உள்ளே போனாள்.

இரண்டாவது திருப்பத்தில் பலகையின் நுனி வெடுக்கென்று உள்பக்கம் இழுத்தது. யாரோ காலைப் பிடித்துத் திருப்பியதுபோல் இருந்தது. அடுத்த நொடி அவள் ஒரு புதருக்குள் தலைகீழாகக் கிடந்தாள்.

“ஐயோ! அடிபட்டுச்சா?”

“இல்ல.” வாயிலிருந்த இலையைத் துப்பினாள். “என்ன ஆச்சுன்னே தெரியல. இன்னொரு தடவை போறேன்.”

பக்கவாட்டில் ஏறி மறுபடி இறங்கினாள். மறுபடி வெடுக். மறுபடி விழுந்தாள். மூன்றாம் முறை மெதுவாகப் போனாள். விழவில்லை, ஆனால் ஒவ்வொரு கட்டியிலும் நுனி போய்ச் சிக்கி அவளை எங்கேயோ இழுத்தது.

மணி பத்து.

கோல்பிக்குக் குரல் இறங்கிவிட்டது. “பெல்லாமி சார் உன்னைக் காட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தா என்ன பண்ணுவே?”

“கண்டிப்பா கூட்டிட்டு வருவார். அவரைப் பத்தித் தெரியாதா?”

மார்னி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ‘புதன்கிழமை வந்ததும் நான்தான். காடும் இதே காடு. பனியும் இதே மாதிரிதான். அப்போ மாறினது பலகை.’

பலகைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கையுறையைக் கழற்றி, எஃகு விளிம்பின் நடுப்பகுதியில் கட்டைவிரல் நகத்தை லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். நகத்திலிருந்து வெள்ளையாகத் துகள் வந்தது. கூர்மையாக இருக்கிறது, சரிதான். அப்படியே நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வந்தாள். அங்கேயும் சுரண்டினாள். அங்கேயும் துகள் வந்தது.

மார்னி நிமிர்ந்தாள். கட்டிப்பனியில் சிக்காமல் இருக்க, நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு அத்தை விளிம்பை மழுக்கிவிடுவார். அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

“யாரோ இதைத் தீட்டியிருக்காங்க” என்றாள்.

திரும்பிப் பார்த்தாள். கோல்பியின் காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. குளிரால் வந்த சிவப்பு இல்லை.

“டேய் அண்ணா...”

“உதவி பண்ணலாம்னுதான் செஞ்சேன்” என்றான் அவசரமாக. “நேத்து சாயங்காலம் அத்தை கடைக்குப் போயிருந்தாங்க. விளிம்பு நுனியில மொக்கையா இருந்துச்சு. மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். எங்க பந்தயக் குழுவுல பலகையை நுனி வரைக்கும் தீட்டுவோம். அதுதான் வேகம். அத்தை ஜெயிக்கணும்னுதான்...”

மார்னியிடம் ஒரு பெரிய வசவு தயாராக இருந்தது. பள்ளிக்கூடத்தில் புதிதாகக் கற்றது. ஆனால் கோல்பியின் முகம் ஏற்கெனவே தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் தானும் எதற்குத் திட்டுவது என்று விட்டுவிட்டாள்.

“சாணைக்கல் வச்சிருக்கியா?”

“பாக்கெட்லயே இருக்கு!”

“எடு. ஆளுக்கு ஒரு பலகை.”

“எவ்வளவு மழுக்கணும்?”

அதுதான் இருவருக்கும் தெரியவில்லை. குறைவாக மழுக்கினால் மறுபடி இழுக்கும். அதிகமாக மழுக்கினால் பனிக்கட்டியில் வழுக்கும். மார்னி கொஞ்சம் யோசித்தாள்.

“மூணு இழுப்பு இழுப்போம். ஓட்டிப் பார்க்கறேன். போதலைன்னா இன்னும் மூணு. எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது, அதனால கொஞ்சம் கொஞ்சமா.”

கல்லை இரண்டாக உடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். மூன்று இழுப்பு. மார்னி இரண்டு மரங்களுக்கு நடுவே இறங்கினாள். இழுத்தது. இன்னும் மூன்று. இழுத்தது, ஆனால் கொஞ்சமாக. இன்னும் மூன்று. இந்த முறை நுனி கட்டியைத் தொட்டது, தாண்டியது, போய்க்கொண்டே இருந்தது.

“வந்துருச்சு!” என்று மரத்துக்குப் பின்னாலிருந்து அவள் கத்தினாள். கிளையில் இருந்த பனி மொத்தமும் கோல்பியின் தலையில் விழுந்தது.

மணி பத்தே முக்கால்.

லிஃப்டின் கீழே அத்தையும் பெல்லாமியும் காத்திருந்தார்கள். பெல்லாமியின் மீசையில் பனி ஊசி ஊசியாகத் தொங்கியது. அத்தை மார்னியின் ஹெல்மெட்டில் செருகியிருந்த சுள்ளியை எடுத்துப் போட்டார்.

“நீ முன்னால போ பாப்பா. நான் பின்னால வர்றேன். எங்கே திரும்பணும்னு நான் சொல்றேன்” என்றார் பெல்லாமி.

உச்சியிலிருந்து பெரிய சரிவில் இறங்கினார்கள். “கிண்ணத்துக்குப் போ!” போனாள். “இப்போ காட்டுக்குள்ள!” காட்டுக்குள் போனாள். தன் கனத்தை இரு காலிலும் சமமாக வைத்துக்கொண்டு, கட்டிகளின் மேல் தட்டிக்கொண்டே நெளிந்து வெளியே வந்தாள். “அடுத்தது பல்லுடைப்பான்!”

பல்லுடைப்பான் என்பது மேடும் பள்ளமுமான சரிவு. மேடு ஒவ்வொன்றும் கழுதை உயரம். ஒல்லிப் பலகையின் சுறுசுறுப்பு இந்தப் பலகைக்கு இல்லை. மார்னி அவசரப்படவில்லை. ஒவ்வொரு மேட்டின் தலையிலும் திரும்பி, முழங்காலை மடக்கி, அடுத்த மேட்டுக்குப் போனாள். பற்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

அதற்குப் பிறகு நிழலில் கிடந்த ஓடைப் பள்ளம். அங்கே இருப்பது பனியே இல்லை, கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. மார்னியின் பலகை கரகரவென்று சறுக்கியது. அவள் வேகத்தைக் குறைத்தாள். சின்னச் சின்னத் திருப்பங்களாக, விளிம்பை அழுத்தி அழுத்தி இறங்கினாள். ஒரு இடத்தில் இடது கால் நழுவியது. அடுத்த நொடி விளிம்பு பிடித்துக்கொண்டது.

அடிவாரத்தில் வெயில் பட்டு இளகிக்கிடந்த பனியில் சளசளவென்று வந்து நின்றார்கள். கோல்பியும் அத்தையும் ஓடிவந்தார்கள்.

பெல்லாமி தன் சறுக்கு ஊன்றுகோலைப் பனியில் குத்தி நிறுத்தினார். “நல்லா ஓட்டினே. சரி, இந்தப் பலகையில குறை என்ன?”

அத்தை மார்னியைத் திரும்பிப் பார்த்தார்.

“பனிக்கட்டியில எங்க அண்ணனோட பந்தயப் பலகை இன்னும் நல்லா பிடிக்கும்” என்றாள் மார்னி. “இதுல நிதானமா போகணும். ரொம்ப ஆழமான பொடிப்பனியில அகலப் பலகை இன்னும் நல்லா மிதக்கும்.”

“அப்போ எதுலயும் இது முதல் இல்ல?”

“இல்ல சார். ஆனா அந்தப் பந்தயப் பலகை இன்னைக்குக் கிண்ணத்துல புதைஞ்சுபோச்சு. அகலப் பலகையை ஓடைப் பள்ளத்துல விட்டா நேரா ஓடைக்குத்தான் போகும். இது எல்லா இடத்துலயும் என்னைக் கீழே கொண்டுவந்து சேர்த்துடுச்சு.”

பெல்லாமியின் மீசை லேசாக அசைந்தது. “வேற?”

மார்னி கோல்பியைப் பார்க்கவில்லை. “இன்னும் ஒண்ணு இருக்கு. நுனியைத் தீட்டக் கூடாது. இன்னைக்குக் காலையில நுனி கூர்மையா இருந்துச்சு. காட்டுல மூணு தடவை இழுத்துருச்சு, ரெண்டு தடவை விழுந்தேன். அப்புறம் மழுக்கினோம். சரியாயிடுச்சு.”

“கூர்மையாவா? நான் மழுக்கித்தானே வச்சேன்!” என்றார் அத்தை.

“யார் தீட்டினது?” என்றார் பெல்லாமி.

மார்னி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் சார்” என்றான் கோல்பி. “இவளுக்குத் தெரியாது. இவதான் கண்டுபிடிச்சா. எவ்வளவு மழுக்கணும்னு பார்த்ததும் இவதான்.”

பெல்லாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு திடீரென்று சிரித்துவிட்டார். மீசையிலிருந்து இரண்டு பனி ஊசிகள் உதிர்ந்தன.

“என் பள்ளியில பத்து வாத்தியாருங்க இருக்காங்க. பத்துப் பேர் கையிலயும் அரம் இருக்கு. எதைக் கண்டாலும் தீட்டிடுவாங்க. இது தெரியாம வாங்கியிருந்தா, முதல் நாளே நாப்பது பிள்ளைங்களும் காட்டுக்குள்ள தலைகீழா நின்னிருக்கும்.” அத்தையிடம் திரும்பினார். “இங்க்ரிட், ஒவ்வொரு நுனியிலயும் ‘இங்கே தீட்டாதே’ன்னு எழுதிடுங்க. பெரிசா எழுதுங்க. எங்க வாத்தியாருங்க கண்ணுக்குச் சின்ன எழுத்து தெரியாது.”

“அப்போ...?” என்றார் அத்தை.

“அடுத்த பனிக்காலத்துக்கு நாப்பது ஜோடி.”

பெல்லாமி போய்விட்டார். அத்தை அப்படியே ஈரப் பனியில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

“மன்னிச்சுடுங்க அத்தை” என்றான் கோல்பி.

“மன்னிச்சாச்சு.” அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நாப்பது ஜோடி. அப்படின்னா எண்பது நுனி. அத்தனையும் நீதான் மழுக்கித் தரணும்.”

கோல்பி விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட ஆரம்பித்தான். மார்னி பலகையை மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நகர்ந்தாள்.

“எங்கே கிளம்பிட்டே? இன்னும் என்ன சோதனை பாக்கி?” என்றார் அத்தை.

“சோதனை இல்ல அத்தை. சும்மா.”

நாற்காலி பின்னாலிருந்து வந்து அவளை ஏந்திக்கொண்டது. எந்தப் பக்கமாக இறங்குவது என்பதை உச்சிக்குப் போய் முடிவு செய்துகொள்ளலாம் என்று, கால்களை ஆட்டிக்கொண்டே மேலே போனாள் மார்னி.