வீடு திரும்பினார்

கோப்பில் இருந்தது இன்றைய தேதி.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நோயாளி ஆஸ்பத்திரியை விட்டுப் போய், ஆற அமர, வாரக்கணக்கில் கழித்துத்தான் கோப்பு கோடிங்குக்கு வந்து சேரும். டாக்டர் எழுதியதைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போட்டு அனுப்புவது அவள் பிழைப்பு. காலையில் சேர்ந்தவரின் கோப்பு அந்தி சாய்வதற்குள் வந்து நிற்கிறது என்றால், யாரோ தூக்கக் கலக்கத்தில் தேதியை மாற்றித் தட்டிவிட்டார்கள், வேறென்ன? பேர் வழக்கம்போல் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தது. ஆண். நாற்பத்தேழு வயது. கணையத்தில் திடீர் அழற்சி.

படுக்கையறையிலிருந்து முனகல் கேட்டது.

"என்னங்க, இன்னும் வலிக்குதா?"

"முதுகு வரைக்கும் இழுக்குது மேடம்." வீட்டில் அவளை மேடம் என்று கூப்பிடுவது கணவருக்கு ஒரு கேலி.

"இதோ, இந்த ஒண்ணை முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"பேசாம அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீ."

மதியத்துக்கு மேல்தான் அவர் வந்தார். காதில் ஹெட்போனோடு அவள் மீட்டிங்கில் இருந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ கடந்து போவது தெரிந்தது. "வயிறு வலிக்குது, படுக்கறேன்" என்ற குரலும் கேட்டது. திரும்பாமலே கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். நோயாளி விவரம் திரையில் இருக்கும்போது பக்கத்தில் போன் இருக்கக் கூடாது என்பது கம்பெனியின் கறாரான சட்டம். வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் டீம் லீடர் கேமரா வழியாக எட்டிப் பார்ப்பார். அதனால் போன் காலையிலிருந்தே சத்தமில்லாமல் இழுப்பறையில் கிடந்தது. மனுஷன் வலியில் துடிக்கிறார், இன்னும் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே, நல்ல பெண்டாட்டிதான் போ என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

பேருந்தில் சுருண்டு விழுந்தவர். உடன் யாரும் இல்லை. வலி முதுகுக்குப் பரவுகிறது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறைகிறது. குடிப்பழக்கம் கிடையாது, பித்தக்கல் கிடையாது. காரணம் எழுதப்படவில்லை, எழுதாததை ஊகிக்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். கணைய அழற்சிக்கு உரிய கே எண்பத்தைந்தைத் தட்டி, காரணம் குறிப்பிடப்படாதது என்பதற்கு ஒன்பதைப் போட்டாள். கணையம் அழுகியிருக்கிறதா என்று கேட்கும் கடைசி இலக்கத்துக்குப் பூஜ்யம்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அந்த அறையிலிருந்து ஒரு வாடையும் மெல்லக் கூடம்வரை நகர்ந்து வந்தது: தரையைத் துடைக்கும் மருந்து, ஸ்பிரிட், புது ரப்பர் கையுறை. இந்த வீட்டில் அப்படி எதுவும் கிடையாது.

நோயாளி எப்படி வெளியேறினார் என்ற கட்டம் மட்டும் பாக்கி. ஒரு பக்கத்தில், "மதியம் உயிர் பிரிந்தது." அடுத்த பக்கத்தில் அதே டாக்டரின் கையெழுத்தோடு, "வீடு திரும்பினார்."

இரண்டு பக்கம் முட்டிக்கொண்டால் கோடர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டாக்டரைத்தான் கேட்க வேண்டும். "இறந்தாரா, வீடு திரும்பினாரா? தெளிவுபடுத்தவும்" என்று எழுதி அனுப்பினாள். டாக்டர்கள் லேசில் பதில் போட மாட்டார்கள், நாலைந்து நாள் இழுத்தடிப்பார்கள். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது.

"இரண்டும் சரி."

இழுப்பறையில் போன் அதிர்ந்தது. சட்டமாவது ஒன்றாவது, வெடுக்கென்று இழுத்துத் திறந்தாள். திரை நிறையத் தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே எண், தெரியாத எண். எல்லாவற்றுக்கும் முந்தியது மட்டும் அவருடையது. காலையில், அவர் பேருந்தில் போகும் நேரம். ஐயோ, முதலில் என்னைத்தானே கூப்பிட்டிருக்கிறார்! அந்தத் தெரியாத எண் மறுபடி அதிர்ந்தது, எடுத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசறேன். காலையிலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம். உங்க வீட்டுக்காரர்..." குரல் தயங்கியது. "மதியமே போயிட்டாரும்மா. கடைசிவரைக்கும் வீட்டுக்குப் போகணும், போகணும்னே சொல்லிக்கிட்டிருந்தார்."

அவள் வாசலைப் பார்த்தாள். காலையில் அவரை அனுப்பிவிட்டு அவளே போட்ட தாழ்ப்பாள். உள்தாழ்ப்பாள். போட்டது போட்டபடி.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

முனகல் நின்றிருந்தது.

"யாரு மேடம் போன்ல?"

கதவு பாதி திறந்திருந்தது. விளக்கில்லை. கட்டிலின் ஓரத்தில் அவர். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்னால் குனிந்து, முழங்காலுக்கு நடுவே தலை தொங்க. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை. நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"வேலை முடிஞ்சுதா?"

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள்.

"அப்ப இப்பவாவது என் மூஞ்சியைப் பாரேன்."

தொங்கிக்கொண்டிருந்த தலை மெல்ல நிமிரத் தொடங்கியது.