மிச்சமிருந்த ஏழு படங்கள்

வேம்பாருக்குத் தெற்கே, பனங்காடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் அம்பாசிடர் நின்றபோது மதியம் மூன்று மணி. முதலில் இறங்கியவன் டிராயிங் வாத்தியார் பூவனநாதன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடலைப் பார்த்து ஓடினான். குடத்தோடு வரிசையில் நின்று காலம் தள்ளுகிற கோவில்பட்டிக்காரன் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தால் ஓடத்தான் செய்வான்.

காரை ஓட்டி வந்தவன் சௌந்தரபாண்டியன், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் ஒரே மகன். பின் சீட்டில் கேமராவை மடியில் வைத்திருந்தவன் மந்திரமூர்த்தி. மூன்று பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். மூர்த்திக்கு ஊரில் ஸ்டுடியோ இருந்தது. அங்கே ஜோடிகளுக்குப் பின்னால் தொங்கும் திரையில் தாஜ்மஹால் வெளுத்து எலும்பாகிவிட்டது. புதுத் திரையில் கடல் வரைய வேண்டும். கரிசல்காட்டுச் சனத்துக்குக் கடல் மேல் அத்தனை ஆசை. திரை வரைகிற பெயிண்டருக்கு மாதிரி காட்டப் படம் எடுக்கத்தான் இந்தப் பயணம்.

அது 1979, மாசி மாதம். கேமராவில் பன்னிரண்டு படம் எடுக்கிற ரோல். அதில் ஐந்து முந்தின நாளே முடிந்திருந்தது. நாகலாபுரம் பக்கம் பருத்திக்காட்டில் வெட்டுப்பட்டுக் கிடந்த ஆட்டுக்காரன் சின்னக்கருப்பனின் பிணம் அந்த ஐந்தும். போலீஸ் கூப்பிட்டால் ஸ்டுடியோக்காரன் போய்த்தான் ஆக வேண்டும். இன்ஸ்பெக்டருக்குத் திங்கட்கிழமை படம் கொடுக்க வேண்டும்.

பிணத்தை எடுத்த ரோலில் உயிரோடு இருக்கிறவன் முகத்தை எடுக்கக் கூடாது. தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். மிச்சத்தை வானத்துக்குக் காட்டித் தீர்த்துவிடுவார்கள். ஆனால் பிலிம் கிடைக்காத காலம். ஏழு படத்தை வீணாக்க மூர்த்திக்கு மனசு வரவில்லை. அது அவன் செய்த இரண்டாவது மடத்தனம்.

முதல் மடத்தனம் அவன் சட்டைப் பையில் இருந்தது.

பூவனநாதன் அலையில் குதித்துக்கொண்டிருந்தபோது மூர்த்தி அதை எடுத்து நீட்டினான். கறுப்புக் கயிறு, அதில் தங்கப் பூண் போட்ட புலிநகம். சௌந்தரபாண்டியன் கல்யாணத்தன்று கழுத்தில் அதைப் போட்டுக்கொண்டு மூர்த்தியின் கேமரா முன்னால்தான் நின்றான். பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது.

"எங்கனலே கெடந்துச்சு?"

"அவன் கையில. ஏட்டையா நாய வெரட்டப் போயிருந்தாரு. இறுக்கிப் பிடிச்சிருந்தான்லே. ஒவ்வொரு வெரலா விரிச்சு எடுத்தேன்."

"ஆட்ட விட்டு எங்க பருத்திய மேச்சுட்டான். ரெண்டு தட்டு தட்டத்தான் போனேன். கயித்தப் பிடிச்சு இழுத்துட்டான்."

"பதினாலு வெட்டுலே பாண்டி."

சௌந்தரபாண்டியன் அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு, கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் தள்ளிக்கொண்டான். கூட்டாளியாயிற்றே என்று மூர்த்தி வாயை மூடிக்கொண்டான்.

ஆறாவது படம் வெறும் கடல். அது குனிந்து பார்க்கிற கேமரா. மேலே இருக்கும் சதுரக் கண்ணாடியில் காட்சி இடம் வலமாக மாறித் தெரியும். கண்ணாடியில், கரையோரம் வெகு தூரத்தில், ஒரு புள்ளி நின்றது. மூர்த்தி நிமிர்ந்து பார்த்தான். கரை காலியாக இருந்தது. தூசி என்று நினைத்து எடுத்தான்.

ஏழாவது, மணலில் கவிழ்ந்து கிடந்த பழைய வள்ளம். அடுத்த படத்துக்குக் கைப்பிடியைச் சுற்றியதும் கண்ணாடியில் புள்ளிக்குக் கால் இருந்தது.

எட்டாவதில் தோளில் கம்பு இருந்தது.

கடல் காற்றில் ஆட்டுக் கவிச்சி அடித்தது.

ஒன்பதாவதில் புள்ளி முழு ஆளாகிவிட்டது. பத்தாவதை மூர்த்தி எடுக்கவே இல்லை, விரல் தானாக அழுத்திவிட்டது. நிமிர்ந்தபோது ஆள் இல்லை, ஆனால் வெள்ளை மணலில் ஈரக் கரிசல் மண் அப்பிய காலடிகள் விழுந்திருந்தன. வள்ளத்தைத் தாண்டி, சௌந்தரபாண்டியன் நின்ற இடத்துக்கு நேராக அவை வந்துகொண்டிருந்தன. பின்மூடியைத் திறந்து ரோலை வெயிலில் காட்டிவிடலாமா என்று நினைத்தான். போலீஸ் படமும் அழிந்துபோகும், இன்ஸ்பெக்டர் தோலை உரித்துவிடுவார். விரல் மூடியின் மேலேயே நின்றுவிட்டது.

பதினொன்றாவதற்கு அவன் குனிந்தான்.

சின்னக்கருப்பன் சௌந்தரபாண்டியனின் முதுகுக்குப் பின்னால் நின்றான். கழுத்து பாதி அறுந்து தலை தோளில் சாய்ந்திருந்தது. ஒரு கையில் அரிவாள் இருந்தது. இன்னொரு கையை விரித்து மூர்த்தியிடம் நீட்டிக்கொண்டிருந்தான், கொடு என்று.

கேமரா 'டக்' என்றது.

மூர்த்தி ஓடிப்போய் சௌந்தரபாண்டியனின் சட்டையைப் பிடித்தான். "கழத்திப் போட்டுருலே. அவன் கேக்குதான். அது அவன் கையில பிடிச்ச பொருளு."

"பைத்தியமாலே உனக்கு?" சௌந்தரபாண்டியன் அவன் தோளை வளைத்து இறுக்கினான். "சத்தங் காட்டாத. வாத்தியான் வாரான்."

பூவனநாதன் சொட்டச் சொட்ட வந்தான். மூர்த்தி கழுத்தில் தொங்கிய கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டான். "கடைசிப் படம் இருக்குல்ல? ஊர்க்காரனையெல்லாம் எடுக்கே, உன்னைய எவன் எடுத்தான்? ரெண்டு பேரும் நில்லுங்கலே."

"வேண்டாம்லே பூவனம்."

"ஒரு படத்த எதுக்கு வீணாக்க?" என்று சுற்றிவிட்டுக் குனிந்தான். சிரித்த வாய் அப்படியே நின்றது. "உங்க கூட யாருலே அது..."

பயத்தில் அவன் விரல் அழுத்திவிட்டது.

சௌந்தரபாண்டியனின் தலை பின்னால் இழுபட்டது. கறுப்புக் கயிறு சதைக்குள் புதைந்தது. அவன் கத்த வாய் திறந்தான். வாயில் ரத்தம்தான் வந்தது. தோளில் வாய் பிளந்தது போல ஒரு வெட்டு விழுந்தது. பிறகு முதுகில், பிறகு காதோரம். வெட்டுகிறவன் யாரும் இல்லை. அரிவாள் எலும்பில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மூர்த்தி எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினாலோடு நின்றது.

சௌந்தரபாண்டியன் அலையில் சரிந்தான். நுரை சிவந்து கரைக்கு வந்தது.

அப்புறம் மூர்த்தியின் வலது கையை ஏதோ பிடித்தது. குளிர்ந்திருந்தது. நிதானமாக, ஒவ்வொரு விரலாக விரித்தது. சுண்டு விரல் முதலில் ஒடிந்தது.

ஐந்தும் ஒடியும்வரை அது விடவில்லை.

வள்ளத்தின் துருப்பிடித்த தகடு அறுத்துச் செத்தான் என்று போலீஸ் எழுதி முடித்தது. புலிநகம் கிடைக்கவில்லை. பூவனநாதன் காய்ச்சலில் படுத்தவன் பேச்சையே விட்டுவிட்டான்.

ரோலை மூர்த்தி இடது கையால் கழுவினான். கடல் படங்கள் எதிலும் சின்னக்கருப்பன் இல்லை. முதல் ஐந்தில்தான் மூர்த்திக்கு உயிர் போய் வந்தது. விரலை விரித்துப் புலிநகத்தை எடுத்த பிறகுதான் அந்தப் பிணத்தை அவன் படம் பிடித்திருந்தான். படத்தில் கை மூடி இருந்தது. விரலிடுக்கில் கறுப்புக் கயிறும் தங்கப் பூணும் தெரிந்தன. இன்ஸ்பெக்டர் பார்த்ததும் யார் கயிறு என்று கண்டுபிடித்துவிட்டார். செத்துப்போன சௌந்தரபாண்டியன் மேல் கேஸ் எழுதி மூடினார்கள். விரலை விரித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பங்குனியில் புதுத் திரை வந்தது. நீலக் கடல், வெள்ளை மணல், ஆளே இல்லாத கரை. முதல் ஆளாகப் பெருமாயி தன் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். மூர்த்தி புது ரோல் போட்டு, கட்டுப் போட்ட கையால் கேமராவைத் தாங்கிக்கொண்டு குனிந்தான்.

வரைந்த மணலின் கோடியில் ஒரு புள்ளி இருந்தது.

எழுந்து போய்த் திரையைத் தடவிப் பார்த்தான். வெறும் சாயம்தான்.

"என்ன அண்ணாச்சி, ஆட்டு வாட அடிக்குது?" என்றாள் பெருமாயி.

குழந்தை சிரித்த நேரத்தில் அழுத்தினான். பழக்க தோஷம், இடது கை கைப்பிடியைச் சுற்றிவிட்டது. கண்ணாடியில் புள்ளிக்குக் கால் இருந்தது.

ரோலில் இன்னும் பதினொரு படம் மிச்சம் இருந்தது.