விளக்கு எரிந்த கிணறு

இண்டூரில் கரி பஸ் நின்றபோது உச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சவுரியப்பன் ஸ்பானர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். பின்னால் தொங்கிய கரி டிரம் புகைய, பஸ் முக்கி முனகிக் கிளம்பிப் போனது. யுத்தம் வந்து பெட்ரோலும் சீமெண்ணெயும் கண்ணில் படாமல் போன பிறகு, தர்மபுரிப் பக்கம் பஸ் ஓடுவதே அந்த டிரம்மின் புண்ணியத்தில்தான். டிரம்முக்குள் கரியை மூட்டி, அதில் கிளம்புகிற வாயுவை எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். அதில் சவுரியப்பன் பலே கெட்டிக்காரன். பஸ்ஸில் ஓடுவது கிணற்றில் மட்டும் ஓடாதா என்று மண்டையை உடைத்துக்கொண்டு, இண்டூர்ப் பண்ணைக்காரர் நஞ்சப்பனின் கிணற்று எஞ்சினையும் கரி வாயுவில் ஓட்டிக் காட்டியவன் அவன்.

ஓட்டிக் காட்டினான், சரி. கொஞ்ச நாளிலேயே, எஞ்சினைப் பார்த்துக்கொண்ட, புகையிலை மெல்லுகிற வயசான பண்ணையாள் ஆண்டி அந்தக் கிணற்றுக்குள் செத்துக் கிடந்தான்.

நஞ்சப்பன் வரப்பிலேயே காத்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஒரே மகன் மாரியப்பன். ஒல்லியான பையன், புது மாப்பிள்ளை, கையில் கட்டிய மஞ்சள் கயிறுகூட இன்னும் அவிழவில்லை.

"வாங்க மேஸ்திரி. கேவுரு பயிர் காயறத பாருங்க. இன்னும் ரெண்டு நாள் தண்ணி பாயலைன்னா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும்."

"எஞ்சின் நல்லாத்தான இருக்கு?"

"எஞ்சினுக்கு என்ன கேடு? எறங்கத்தான் ஆளில்ல. ஆண்டிய முனி அடிச்சிருச்சுன்னு ஊரே பேசுது. அதான் மாரியப்பனே எறங்கறேன்னுட்டான். நீங்க கூட நின்னு காட்டிக் குடுத்தீங்கன்னா போதும்."

"முனியாவது மண்ணாவது!" என்றான் சவுரியப்பன். "அன்னிக்கு வெளக்கு எறக்கிப் பாத்தீங்களா?"

பாழடைந்த கிணறோ, பழகிய கிணறோ, விளக்கை இறக்கிப் பார்க்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் ஆழத்தில் கால் வைக்க மாட்டார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று. எரிந்தால் பயமில்லை. அவ்வளவுதான் கணக்கு.

"நின்னு எரிஞ்சுதுங்க. மேல இருந்து பாத்தா வெளிச்சம் தெரிஞ்சுது. வெளக்கு எரியுதே, ஆள் நல்லாத்தான் இருப்பான்னு நாங்க வூட்டுக்குக் கூழ் குடிக்கப் போயிட்டோம். பொழுது சாய வந்து கூப்பிட்டா பதிலே இல்ல. வெளக்கு மட்டும் எரிஞ்சுகிட்டு இருக்குது."

கிணற்று மேட்டில் ஒரு பெண் உருளைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆண்டியின் மனைவி சென்னம்மாள். நஞ்சப்பன் மாட்டைப் பூட்டப் போனதும் அவள் சவுரியப்பனிடம் நெருங்கி வந்தாள்.

"சின்ன எசமான எறக்காதீங்க, சாமி," என்று கிசுகிசுத்தாள். "அவரு இன்னும் மேல ஏறலைங்க."

"பொணத்த எடுத்துப் பொதைச்சாச்சேம்மா!"

"ஒடம்பத்தானுங்க எடுத்தாங்க."

அந்த வெயிலிலும் சவுரியப்பனுக்கு முதுகு சில்லிட்டது. பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

கிணறு ஆழமென்றால் அப்படி ஓர் ஆழம். அவ்வளவு கீழே கிடக்கிற தண்ணீரைப் பம்பு மேலே இருந்து உறிஞ்சாது. அதனால் பாதி ஆழத்துக்கும் கீழே, பாறையில் வெட்டிய ஒரு திட்டில் எஞ்சினும் பம்பும் உட்கார்ந்திருந்தன. கரி டிரம் மேட்டில் புகைந்துகொண்டிருந்தது. மேலே டிரம்மோடு இணைத்த காற்றாடியைக் கையால் சுற்றினால் வாயு நீளக் குழாய் வழியாகக் கீழே இறங்கும். இது முழுக்கச் சவுரியப்பனின் யோசனை. அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு.

விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். சுடர் அசையாமல் நின்றது.

மாரியப்பன் கவலை இறைக்கிற மாடுகளில் பூட்டிய வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினான். சவுரியப்பன் சுவரில் துருத்திய படிக்கற்களில் கால் வைத்துப் பின்னால் இறங்கினான். இறங்க இறங்க வெயில் தலைக்கு மேல் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியது. பாசி வாடை. அதோடு கரி வாடை. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"காத்தாடிய சுத்துங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினான். நஞ்சப்பன் சுற்றினார். குழாய் உஸ்ஸென்றது. மாரியப்பன் எஞ்சின் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினான். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

"இன்னும் வேகமா, தம்பி."

சுழற்றினான். திரும்பவும் சுழற்றினான்.

விளக்கு அணைந்தது.

சவுரியப்பன் தீக்குச்சியைக் கிழித்தான். குச்சி அழகாக எரிந்தது. கெட்ட காற்று என்றால் குச்சி எரியுமா? விளக்கை ஏற்றி, காற்று அடிக்காத மூலையில் வைத்தான்.

சுடர் நிமிர்ந்து நின்றது. பிறகு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பூ.

யாரோ வாயால் ஊதிய சத்தம். காதுக்கு அவ்வளவு பக்கத்தில், புகையிலை வாடையோடு.

"தம்பி, வெளையாடாத!" என்று சவுரியப்பன் சீறினான்.

இன்னொரு குச்சியைக் கிழித்தான். மாரியப்பன் எஞ்சினுக்கு அந்தப் பக்கம் சரிந்து உட்கார்ந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. கன்னம் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. தூங்கப்போகிற குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு.

சவுரியப்பனுக்கும் தலை விண்விண்ணென்று தெறித்தது. கால் வெலவெலத்தது. பிடிமானத்துக்குக் குழாயைப் பற்றினான். கையிலிருந்த குச்சி குழாய் இணைப்பில் பட்டது.

இணைப்பைச் சுற்றி நீலமாக ஒரு தீ பற்றிக்கொண்டது.

அட பாவி!

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கரி வாயு எரிகிற வாயு. அது விளக்கை அணைக்காது. மூச்சு விடுகிற மனுஷனைத்தான் அணைக்கும். திறந்த ரோட்டில் ஓடுகிற பஸ்ஸில் கசிந்தது காற்றோடு போய்விட்டது. இங்கே கசிந்தது இந்தப் பொந்திலேயே தங்கிவிட்டது. எரிகிற விளக்கை நம்பித்தான் ஆண்டி செத்தான்.

அப்படியானால் விளக்கை அணைத்தது யார்?

யோசிக்க நேரமில்லை. மேலே நஞ்சப்பனின் குரல் அலறியது. "வெளக்கு அணைஞ்சு போச்சே! மேஸ்திரி! மாரியப்பா!"

"காத்தாடிய நிறுத்துங்க! மாட்ட ஓட்டுங்க! இழுங்க!"

மேலே சென்னம்மாள் மாட்டை அதட்டுவது கேட்டது. வடம் விறைத்தது. மாரியப்பன் துவண்ட உடம்போடு திட்டிலிருந்து தூக்கப்பட்டு, அதன் விளிம்புக்கு மேலேயே அந்தரத்தில் தொங்கினான். அந்த ஒல்லிப் பையனுக்கு வடம் ஏன் இப்படி முறுக்கிக்கொண்டு கிறீச்சிடுகிறது? மாடுகள் இழுக்க முடியாமல் திணறுகிற சத்தம் கீழே வரைக்கும் வந்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணா ஏறாதீங்க!" என்று நஞ்சப்பன் கத்தினார்.

சவுரியப்பன் திட்டில்தான் நின்றிருந்தான். வடத்தை அவன் தொடக்கூட இல்லை. கடைசியில் வடம் நகர்ந்து, மாரியப்பன் மெல்ல மெல்ல மேலே போனான்.

தட்டுத்தடுமாறிப் படிக்கற்களைப் பிடித்து, பாதியில் நின்று மூச்சு வாங்கி, ஒருவழியாக அவனும் மேலே வந்து விழுந்தான். குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தான். புங்கமரத்தடியில் மாரியப்பனைக் கிடத்தியிருந்தார்கள். நஞ்சப்பன் அவன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே அழுதார்.

"எங்க மாரியாத்தா, இவன மட்டும் குடுத்துடு! பயிர் காயட்டும், எல்லாம் காயட்டும்!"

மாரியப்பனின் நெஞ்சு ஏறி இறங்கியது. சவுரியப்பன் ஓவென்று அழுதுவிட்டான். சிரிப்பும் வந்தது.

"முனி இல்லைங்க. என் குழாய்தாங்க. எஞ்சின மேல ஏத்திடறேன். பம்பு மட்டும் கீழ இருக்கட்டும், நீளமா பெல்ட்டு போட்டு ஓட்டிக்கலாம். இனிமே ஒருத்தரும் எறங்க வேண்டாம்."

"மாரியப்பா! கண்ணு! அப்பாவ பாருடா!"

அவன் கண்ணைத் திறந்தான். நஞ்சப்பனைப் பார்த்தான். சட்டென்று பதறி எழுந்தான். தலைமாட்டில் கிடந்த துண்டை அவசரமாக எடுத்து இடுப்பில் கட்டினான். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, முதுகு வளைந்து, பெற்ற அப்பன் முன்னால் நின்றான்.

"எசமான்," என்றான். குரல் கரகரவென்று வயசான குரலாக இருந்தது. "எத்தினி சத்தம் போட்டேன். யாருமே வரலீங்களே."

நஞ்சப்பன் ஓரடி பின்வாங்கினார்.

அவன் அவரைத் தாண்டிச் சென்னம்மாளைப் பார்த்தான். "வா புள்ள, வூட்டுக்குப் போலாம். பசிக்குது."

சென்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் நடந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

நஞ்சப்பன் வரப்பில் விழுந்து எழுந்து, "மாரியப்பா! மாரியப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.