தரையில் வைத்த வாளி

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்தே பதுளைக்கு வந்த பெரியாயி, கொள்ளுக் கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அட்டை கடித்த இரத்தம் காலில் காய்ந்திருந்தது. தோட்டத்துக் குதிரைகளுக்குக் கொள்ளு விற்கும் சிவஞானம், பொலிஸுக்குப் புரியாததெல்லாம் புரிகிற மனிதர் என்று ஊரில் பேச்சு.

"எம் புருஷன் வீரய்யாவைத் தூக்குல போடப் போறாங்க சாமி!"

சங்கதி இதுதான். குதிரைக்காரன் வீரய்யாவுக்கும் கணக்கப்பிள்ளை சின்னராசாவுக்கும் திங்கட்கிழமை வாய்ச்சண்டை. மறுநாள் மழை விட்டதும் ஓடைப் பள்ளத்தில் சின்னராசா மண்டை உடைந்து கிடந்தார். வீரய்யா குடியிருந்த லயத்து வீட்டுக் கூரையில் செருகியிருந்த, இரத்தக் கறை படிந்த ஐந்து துண்டுகள் பொலிஸிடம் சிக்கின. அவ்வளவுதான், கொலைகாரன் கிடைத்துவிட்டான்!

"துண்டைப் பத்தி அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டார் சிவஞானம்.

"வாயே திறக்க மாட்டேங்குறாருங்க. நான் கொல்லலைன்னு மட்டுந்தான் சொல்றாரு."

பக்கத்தில் லாடம் அடித்துக்கொண்டிருந்த அலவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பெரிய கங்காணிதான் முதலாளி! அந்த ஆளு முழியே சரியில்ல."

"முழியை வச்சுத் தூக்குல போட முடியாது அலவி. வண்டியைக் கட்டு."

மறுநாள் மூவரும் தோட்டத்தில் இருந்தார்கள். ஓடைக்கு மேலே ஒற்றையடிப் பாதையின் விளிம்பில் ஆள் சறுக்கிய தடம் நீளமாக இருந்தது. அதன் தலைப்பில் சின்னராசாவின் ஒற்றைச் செருப்பு களிமண்ணில் புதைந்து கிடந்தது. அதுவரை வந்தது ஒரே ஆளின் காலடி. இன்ஸ்பெக்டருக்கு மீசை பெரிசு, பொறுமை சிறிசு. அந்தப் பக்கமே அவர் ஏறிப் பார்த்திருக்கவில்லை.

லாயத்தில் நான்கு குதிரைகள். மூன்று, தரையில் கிடந்த புல்லைத் தின்றுகொண்டிருந்தன. பெரிய துரையின் செந்நிறப் பந்தயக் குதிரை ராணிக்கு மட்டும் புல்கூடையும் தண்ணீர் வாளியும் கழுத்து உயரத்தில் கட்டித் தொங்கின.

"நல்லாத்தான் செல்லம் கொடுத்திருக்கான்," என்று சிரித்தான் அலவி. சிவஞானம் வாளிக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் காட்டிய துண்டுகளில் ஒன்று கறுத்துப்போயிருந்தது. மூன்று பழுப்பு. ஒன்றில்தான் இன்னும் சிவப்பு மிச்சமிருந்தது. எல்லாவற்றிலும் சளி காய்ந்து, குட்டையான செம்மயிர் ஒட்டியிருந்தது.

சிவஞானம் பெரியாயியைத் தனியே அழைத்தார். "நாலஞ்சு வருஷம் முன்ன துரை ஒரு குதிரையைச் சுட்டாராமே, எதுக்கு?"

"ஓட்டம் முடிஞ்சு மூக்குல ரத்தம் வந்துச்சுங்க. பந்தயத்துக்கு ஆகாதுன்னு சுட்டுட்டாரு. அது பெத்த குட்டிதான் ராணி. இவருதான் கையில பால் ஊத்தி வளர்த்தாரு..." சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ!"

"ஆமாம்மா. நிரூபிச்சா உன் புருஷன் வெளிய வருவான். குதிரை போயிடும். அவன் உன்னை மன்னிக்க மாட்டான்."

பெரியாயி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "மன்னிக்காட்டிப் போகட்டும். உசுரோட இருக்கட்டும்."

மறுநாள் காலையில் லாயத்து முற்றத்தில் பெரிய துரை, இன்ஸ்பெக்டர், பெரிய கங்காணி மூவரும் கூடினார்கள். சின்ன துரை ராணியை மேட்டுப் பாதையில் விரட்டி ஓட்டித் திரும்பினார். வியர்த்து, தலை நிமிர்ந்து நின்றது குதிரை. மூக்கில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிச் சிரித்தார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் சிவஞானம்.

வேற்றாள் கையில் ராணி தண்ணீர் குடிக்காது. பெரியாயிதான் வாளியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். குதிரை குனிந்தது. சற்று நேரத்தில் இரண்டு மூக்குத் துவாரங்களிலிருந்தும் இரத்தம் ஒழுகி, வாளித் தண்ணீர் சிவந்தது.

"வேகமா ஓடினா இதுக்கு நெஞ்சுக்குள்ள ரத்தம் கசியுது," என்றார் சிவஞானம். "தலை நிமிர்ந்திருந்தா வெளிய தெரியாது, குனிஞ்சாத்தான் வரும். அதனாலதான் கூடையும் வாளியும் மேல ஏறிச்சு. மீறி வந்ததை வீரய்யா துண்டுல துடைச்சு ஒளிச்சிருக்கான். மனுஷன் ஒரு தடவைதான் சாவான் ஐயா. இந்தத் துண்டுகள்ல பல நாள் ரத்தம் இருக்கு. கணக்கப்பிள்ளையைக் கொன்னது மழையும் களிமண்ணுந்தான். செருப்பு இன்னும் அங்கேயே இருக்கு, போய்ப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் போய்ப் பார்த்தார். வந்தபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"வண்டியாவது இழுக்கட்டும் துரை," என்று அலவி கெஞ்சிப் பார்த்தான். துரை பங்களாவுக்குப் போய்த் துப்பாக்கியோடு திரும்பினார்.

மூன்றாம் நாள் பதுளைச் சிறை வாசலில் வீரய்யா வெளியே வந்தான். எப்படி விட்டார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ராணிக்கு யாரு தண்ணி வச்சா?" அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"நான்தான் வச்சேன்," என்றாள் பெரியாயி.

"மேல கட்டித்தானே வச்ச?"

பெரியாயி அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "இல்லைங்க. தரையில வச்சேன்."

வீரய்யா ரோட்டோரத்திலேயே குந்திவிட்டான். அலவி இரண்டு முறை வண்டியிலிருந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பெரியாயி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.