போன தடம் மட்டும்

நர்ஸ் ஷெட்டின் கதவைத் திறந்தாள். எண்ணெய்க் கறை இருந்தது, மடித்த தார்ப்பாய் இருந்தது, ஓட்டை வாளி இருந்தது. வண்டி இல்லை. கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். அப்போதும் இல்லை.

அது ஒரு குட்டி வண்டி. நான்கு சக்கரமும் இழுக்கும். மேடு, பள்ளம், பாறை என்று எதிலும் ஏறும். முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் இரண்டு உருண்டை விளக்குகளால் அதற்குத் ‘தவளை’ என்று பட்டப்பெயர். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. தடுப்பூசிப் பெட்டியோடு மலை வீடுகளுக்குப் போக அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நடுவயதுப் பெண்மணி. வண்டிகளைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார். வீட்டுக்கு முன்னால் குழாய் பதிக்கத் தெரு முழுக்க வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் சைக்கிள்கூடப் போக முடியாது. ஷெட்டின் கதவு பின்பக்கம். அதன் முன்னால் சிறிய சிமெண்ட் சரிவு. அதற்கு அப்பால் வறண்ட ஆறு, கணுக்கால் புதையும் மணல். தெருவை வெட்டும் முன் நர்ஸ் பக்கத்துச் சந்து வழியாகத் தெருவுக்குத்தான் வண்டியை எடுப்பாள், மணலில் இறக்கியதே இல்லை.

“கடைசியா எப்ப பாத்தீங்க சிஸ்டர்?”

“காலையில. அப்புறம் டிரெய்னிங்னு பஸ்ல போயிட்டேன்.”

“சாவி?”

“என் பையில இருக்கு. ஆனா அதுக்குச் சாவியே வேணாம் மேடம். கத்தரிக்கோலை விட்டுத் திருப்பினாலும் கிளம்பும். அவ்வளவு தேஞ்சு போச்சு. அதுக்காகத்தான் என் தம்பி ஒரு சுவிட்ச் வெச்சான்.”

“என்ன சுவிட்ச்?”

“பெட்ரோலை நிறுத்துற சுவிட்ச். சீட்டுக்கு அடியில, விரிப்புக்குள்ள மறைச்சு வெச்சிருக்கான். அதைத் தட்டலைன்னா வண்டி கொஞ்ச தூரம் போய்ப் படுத்துக்கும்.”

“அது யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

“தம்பியோட சண்டை சச்சரவு ஏதாவது?”

“போன வாரம். வண்டியை வித்துத் தொலைன்னான். என்னைக்காவது மலையில இருந்து உருண்டுதான் வருவேன்னு கத்தினான்.”

“அவர் எடுத்திருப்பாருன்னு நினைக்கிறீங்களா?”

நர்ஸ் வெறும் தரையைப் பார்த்தாள். “வேற யாரால முடியும்?” என்றாள்.

கூட வந்திருந்த கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரி போதும், தம்பியைத் தூக்கிக்கொண்டு வர.

மணலில் தடம் இருந்தது. அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. நர்ஸ் தன் வண்டியின் மாற்றுச் சக்கரத்தை எடுத்து வந்து தடத்தின் மேல் வைத்தாள். தடம் சக்கரத்தைவிட அகலம், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் கூடுதல். அதன் ஓரங்கள் ஆழமாகப் பதிந்திருந்தன, நடுவில் மணல் லேசாக மேடு தட்டியிருந்தது.

“இது தவளை தடம் இல்ல மேடம்,” என்றார் கான்ஸ்டபிள். “லாரி. ஏத்திக்கிட்டுப் போயிருக்காங்க. அந்தத் தம்பியோட சிநேகிதன் ஒருத்தன் சரக்கு வண்டி வெச்சிருக்கான், விசாரிச்சுட்டேன்.”

“லாரின்னா வந்த தடம் எங்கய்யா? போன தடம் மட்டும்தானே இருக்கு?”

“காத்து அழிச்சிருக்கும்.”

“காத்துக்கு வந்த தடம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

கான்ஸ்டபிள் இடது தடத்திலிருந்து வலது தடத்துக்குத் தாவினார். சின்னத் தாவல்தான். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். ஆனால் அப்போது அதற்கு ஒரு அர்த்தமும் தோன்றவில்லை.

மறுநாள் காலை. ஸ்டேஷன் பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். கிடங்கில் ராத்திரி முழுக்கப் பெட்டி தூக்கும் வேலை. உறக்கம் கலையாத முகம்.

“நேத்து பகல்ல எங்க இருந்த?”

“ரூம்ல தூங்கினேன்.”

“சாட்சி?”

“தலகாணி.”

“நக்கலா? சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் உள்ளதான்.”

அவன் முகம் மாறியது. “மேடம், வண்டியை எடுக்கறதுன்னா நான் எதுக்கு மேடம் சுவிட்ச் வெக்கணும்? அக்காகிட்ட கேளுங்க. ஊர்ல இருக்கிற எல்லா குரூப்லயும் சேந்திருக்கு. அந்த வண்டி படம் பாக்காதவங்களே கிடையாது.”

“என்ன குரூப்?”

“எனக்கென்ன தெரியும். ராத்திரி பகல் போனுதான்.”

இன்ஸ்பெக்டர் நர்ஸின் போனை வாங்கினார். முதல் கூட்டம், நிஜமான தவளை வளர்ப்பவர்களுடையது. பேரை மட்டும் பார்த்து நர்ஸ் சேர்ந்திருக்கிறாள். ‘உங்கள் தவளை என்ன சாப்பிடும்?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘பெட்ரோல்’ என்று இவள் பதில் போட்டிருக்கிறாள். அதோடு வெளியேற்றிவிட்டார்கள். இரண்டாவது கூட்டம் ரிமோட்டில் ஓடும் பொம்மை வண்டிக்காரர்களுடையது. அங்கே இவள் வண்டியின் படத்தைப் போட்டதும் ‘எவ்வளவு தத்ரூபம்!’ என்று முப்பது பேர் கைதட்டியிருந்தார்கள். மூன்றாவதில் முழுக்கத் தரகர்கள்.

“இதுல எதும்மா சரியான கூட்டம்?”

“நாலாவது மேடம். தவளை வெச்சிருக்கிறவங்க மட்டும். சேர்றதே கஷ்டம். தரகர் யாரும் நுழையக் கூடாதுன்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க. பாகம் எங்க கிடைக்கும், எந்த வழியில ஓட்டலாம், எல்லாம் அங்கதான் கேட்டுக்குவேன். நேத்துகூட அவங்க மலைக்குப் போறதுக்குக் கூப்பிட்டாங்க. டிரெய்னிங், வர முடியலைன்னு போட்டேன்.”

அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவரே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். பேங்க் அதிகாரி. கூட்டத்தில் எல்லோரும் அவரை ‘சகதி அண்ணன்’ என்பார்கள். எந்தச் சேற்றிலிருந்தும் வண்டியை மீட்டுவிடுவாராம். மனைவியின் காரில் வந்திருந்தார். அவருடைய தவளை சர்வீஸில் இருக்கிறது என்றார்.

“சிஸ்டர் எங்க குடும்பம் மாதிரி மேடம். ஆளுக்கொரு திசையில தேடச் சொல்லியிருக்கேன்.”

“நல்லது. வெளிய உக்காருங்க.”

இன்ஸ்பெக்டருக்குத் தலை சுற்றியது. வராமலே போன லாரி. இரண்டே பேருக்குத் தெரிந்த சுவிட்ச். அதில் ஒருத்தி புகார் கொடுத்தவள், இன்னொருத்தன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். எல்லாம் தம்பியைத்தான் காட்டின. ஆனால் அவன் தலையணையைச் சாட்சிக்குக் கூப்பிட்ட விதத்தில் திருடனின் தயாரிப்பு எதுவும் இல்லை. திருடியவன் இதைவிட நல்ல பொய்யாக யோசித்து வைத்திருப்பான்.

நர்ஸின் போனில் நாலாவது கூட்டம் திறந்தே கிடந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்கு மேலேயே குத்தி வைத்த அறிவுரைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பாதி புரியவில்லை. ஒரு வரியில் கண் நின்றது. ‘மணலில் இறங்கும் முன் நான்கு சக்கரத்திலும் காற்றைக் குறை. தார் ரோட்டில் ஏறியதும் முதல் வேலை, காற்றை ஏற்று.’

“ஏன்யா, காத்து கம்மியா இருந்தா டயர் என்ன ஆகும்?”

“பப்பரப்பேன்னு பரவும் மேடம்,” என்றார் கான்ஸ்டபிள். சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார்.

பகல் வெயிலில் போலீஸ் ஜீப் ஆற்றில் இறங்கியது. முழுக் காற்றோடு சில அடிதான் போயிற்று. பிறகு சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டியது. கான்ஸ்டபிள் குனிந்து காற்றைப் பிடுங்கிவிட்டார். டயர் தொப்பை விழுந்து பரந்தது. ஜீப் சிரமப்படாமல் நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் மணலில் மண்டியிட்டுப் பார்த்தார். காற்றோடு ஓடிய இடத்தில் தடம் ஒடுக்கம். காற்றில்லாமல் ஓடிய இடத்தில் அகலம், ஓரம் ஆழம், நடுவில் மேடு.

“லாரி வரவும் இல்ல, போகவும் இல்ல,” என்றார். “தவளைதான் தன் கால்லயே போயிருக்கு. அதான் நீ ஒரே தாவுல தாண்டுற தூரத்துல ரெண்டு தடமும் இருந்துச்சு. லாரின்னா இடைவெளி இன்னும் அதிகமா இருக்கும். அக்கரையில யாரை விசாரிச்ச?”

“ரோட்டோரம் ரொட்டிக்கடை அம்மாவை. லாரி எதுவும் பாக்கலைன்னு சொல்லிட்டாங்க.”

“லாரியைப் பத்தி மட்டும்தான் கேட்டியா?”

கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தார்.

ரொட்டிக்கடை அம்மா இன்னும் கோபம் தணியாமல் இருந்தார். “லாரி இல்லம்மா, குட்டி வண்டி. தவளை மாதிரி முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. கடை வாசலை அடைச்சுக்கிட்டு ஒருத்தன் காத்தடிச்சான் பாரு, வியாபாரமே போச்சு. பஞ்சர்னா ஒரு சக்கரம் அடிப்பான். இவன் நாலையும் சுத்திச் சுத்தி வந்தான். முகத்துல துணி கட்டியிருந்தான். நகருய்யான்னா, ‘ரெண்டே நிமிஷம்மா’ங்கறான்.”

திருடிக்கொண்டு ஓடுகிறவன் நடுவழியில் நின்று நான்கு சக்கரத்துக்கும் காற்றடிக்கிறான். இன்ஸ்பெக்டர் அங்கேயே ஒரு ரொட்டி வாங்கி நின்றபடி தின்றார். பிறகு ஸ்டேஷனுக்குப் போய் நர்ஸைக் கூப்பிட்டார்.

“தம்பி மணல்ல ஓட்டியிருக்காரா?”

“அவனா? தார் ரோட்டை விட்டு இறங்கவே மாட்டான். பயம்.”

“அந்தக் கூட்டத்துல சேரும்போது என்ன கேட்டாங்க? யோசிச்சுச் சொல்லுங்க.”

“வண்டி படம், எஞ்சின் நம்பர், ஸ்டிக்கர் அனுப்ப விலாசம். அப்புறம்... வண்டிக்குச் சொந்தக்காரர் மட்டும்தான் எடுக்க முடியும்ங்கிற மாதிரி ஒரு படம். அது அவங்க வழக்கம். படத்தைச் சுட்டுக்கிட்டு வர்ற தரகரைத் தடுக்க. நான் சுவிட்சை எடுத்து அனுப்பினேன் மேடம். தம்பி வெச்சதுன்னு பெருமையா.”

“குரூப்லயா போட்டீங்க?”

“இல்ல. ஆளைச் சேர்க்கிறவருக்குத் தனியா. ஒரே ஒருத்தர்தான் பாப்பாரு.”

“அவர் யாரு?”

நர்ஸ் கதவுப் பக்கம் திரும்பினாள். வெளியே சகதி அண்ணன் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

மாலை. இன்ஸ்பெக்டர் அவரை உள்ளே உட்கார வைத்தார். பெஞ்சில் தம்பி, சுவரோரம் நர்ஸ்.

“வண்டியை எங்க வெச்சிருக்கீங்க?”

“யாரு, நானா? என்ன மேடம் விளையாடுறீங்க?”

“சுவிட்ச் எங்கன்னு மூணு பேருக்குத் தெரியும். சிஸ்டர் வீட்டுல இல்லைன்னு கூட்டத்துக்கே தெரியும். ஆனா அந்த மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி காத்தைக் குறைக்கணும்னு இந்தத் தம்பிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அக்கரையில ஏறினதும் நின்னு காத்தடிச்சீங்க. ரொட்டிக்கடை அம்மா முகத்தைப் பாக்கல, குரலைக் கேட்டிருக்காங்க. வரச் சொல்லவா?”

அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“திருடிக்கிட்டு ஓடுறப்ப எதுக்குய்யா காத்தடிச்சீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர். அது விசாரணைக்குத் தேவையில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

“காத்தில்லாம ரோட்டுல ஓட்டினா டயர் கெட்டுடும் மேடம்.”

“அது உங்க டயர் இல்லையே.”

சகதி அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். “என் கியர்பெட்டி உடஞ்சு ஒரு வருஷமாச்சு,” என்றார். “எங்க தேடியும் கிடைக்கல. ஓடாத வண்டி வெச்சிருக்கிறவன் கூட்டத்துல இருக்கக் கூடாது. அந்த விதியைப் போட்டதே நான்தான். அடுத்த வாரம் எல்லாரும் வண்டியைக் கொண்டு வந்து காட்டணும். என்னை நானே எப்படி மேடம் வெளிய அனுப்புவேன்?”

“நான் மாட்டினா உங்களுக்குக் கவலை இல்ல?” என்று தம்பி கேட்டான்.

“நீ உள்ள போவேன்னு நான் நினைக்கல தம்பி. உங்கக்காவே உன் பேரைச் சொல்லுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கான்ஸ்டபிள் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். அவர் வீட்டு ஷெட்டில் நர்ஸின் வண்டி, கியர்பெட்டி கழற்றப்பட்டு, வயிறு பிளந்து கிடந்தது. நட்டும் போல்ட்டும் தட்டுகளில் வரிசையாக, துடைத்து, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

பிடித்து வந்தபோது கழற்றி வாங்கிய பெல்ட்டைத் தம்பி திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டான். “மேடம், என் பேரை முதல்ல சொன்னது அக்காதானா?”

இன்ஸ்பெக்டர் நர்ஸைப் பார்த்தார்.

“நான்தான்டா,” என்றாள் அவள். “எனக்கு ஒண்ணும் புரியல. பயத்துல வாயில வந்துடுச்சு.”

“சரி.”

“வாடா, வீட்டுக்குப் போலாம். நேத்துல இருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்ட.”

அவன் கூடவேதான் நடந்தான். ஒரே பஸ்ஸில்தான் ஏறினார்கள். கண்டக்டர் வந்ததும் நர்ஸ் பர்ஸைத் திறந்து, “ரெண்டு,” என்றாள்.

தம்பி தன் சில்லறையை முன்னால் நீட்டினான். “எனக்கு ஒண்ணு குடுங்க.”

கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப உங்களுக்கும்மா?”

அவள் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டாள்.