ரப்பி மெனாகெமின் வெற்றுத்தாள்கள்

நவம்பர் மாத மத்தியானம். சுவிற்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கில் அந்தச் சின்ன நிலையத்தில் லக்சனா ரயிலை விட்டு இறங்கியபோது, புனிதவதி சாவியோடு காத்திருந்தாள். அவள் வேலைசெய்யும் ஹோட்டல் பூட்டியிருக்கும் மாதங்களில், யூத குருவான ரப்பி மெனாகெமின் பழைய வீட்டைத் துடைத்துப் பராமரிப்பது அவள் வேலை. லக்சனா பாசல் நகரத்து நூலகமொன்றிலிருந்து வந்தவள். ஈழத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்து, எபிரேயம் படித்த பிள்ளை. இன்றுதான் முதல் சந்திப்பு.

"ஒரேயொரு புத்தகத்தை எடுக்கத்தான் வந்தனான், அன்ரி. உலகத்திலை மூண்டு பிரதிதான் இருக்கு."

ரப்பி மெனாகெம் செத்து நாற்பது வருடம். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் எல்லையில் நின்று, தப்பி வந்த யூதர்களை உள்ளே விடச்சொல்லி அதிகாரிகளிடம் மன்றாடியவர் என்று நாடெங்கும் பெயர். சிலரைக் காப்பாற்றினார். திருப்பி அனுப்பப்பட்டவர்களை, லக்சனா தேடிவந்த அந்த நானூறு வருடப் பழைய யூதச் சட்டநூலின் கடைசி வெற்றுத்தாள்களில் எழுதினார். பெயர், தகப்பன் பெயர், இறந்த நாள். சாவு நிச்சயமாகத் தெரியாமல் ஒரு பெயரைக்கூட அவர் எழுதியதில்லை.

கதவைத் திறந்ததும் உருகிய மெழுகும் நனைந்த கம்பளியும் மணத்தன. வெளியே பனிப்புகார் யன்னல்களை அடைத்து நின்றது.

மாடியில் யாரோ முணுமுணுத்தார்கள்.

லக்சனா நின்றுவிட்டாள். "உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ?"

"உனக்கும் கேக்குதோ?" புனிதவதி லக்சனாவின் கையைப் பிடித்தாள். மூன்று குளிர்காலமாக அந்தக் குரலைத் தனியே கேட்டவள் அவள். வேலை போய்விடும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

இருவரும் ஏறினார்கள். ஒவ்வொரு படியிலும் குரல் தெளிந்தது. ஒரு கிழவர், அழுகைக்கிடையில், எதையோ வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தள்ளினார்கள்.

குரல் நின்றது.

அறையில் ஒருவருமில்லை. மேசையில் புத்தகம் கடைசிப் பக்கங்களில் விரிந்து கிடந்தது. லக்சனா குனிந்தாள். விரல் வரிகளின் மேல் நகர்ந்து, ஓரிடத்தில் வெடுக்கென்று பின்வாங்கியது.

நுனியில் மை.

"இது காயேல்லை, அன்ரி."

"என்ன எழுதிக் கிடக்கு?"

"ரப்பியின்ரை கையெழுத்துத்தான். ஆனா..." அவள் எபிரேய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினாள். "க... ன... க... ரத்தினம். செல்லத்துரையின் மகன். இதென்ன, எங்கட ஆக்களின்ரை பேர்?"

புனிதவதி குனிந்து அந்த வரியைப் பார்த்தாள். ஈழத்தில் போர் முடிந்த நாளில் கைகளை உயர்த்திக்கொண்டு போய் இராணுவத்தின் பஸ்ஸில் ஏறியவர். அவளைத் திரும்பிப் பார்த்தவர். ஏறினவர்கள் எவரும் உயிரோடில்லை என்று ஊரே சொன்னது. அவள் பொட்டை அழிக்கவில்லை. பதினைந்து வருடமாக அவர் பெயருக்கு அர்ச்சனை செய்கிறாள்.

"என்ரை மனுசன்," என்றாள். "திகதியை வாசி, பிள்ளை. 2009 மே தானே?"

லக்சனா கைத்தொலைபேசியில் யூத நாட்காட்டியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"வாசி."

"போன செவ்வாய்க்கிழமை, அன்ரி."

இவ்வளவு காலமும் இருந்திருக்கிறார். எங்கோ ஓர் இருட்டில், பதினைந்து வருடம் மூச்சு விட்டிருக்கிறார். போன செவ்வாய் அவள் இந்த வீட்டின் யன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கை வைச்சிருந்தவங்கள்?" வெறும் நாற்காலியைப் பார்த்து அவள் அலறினாள். "சொல்லுங்கோ ஐயா, எங்கை?"

நாற்காலி மெல்லக் கிறீச்சிட்டது. யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல.

அன்று பின்னேரமே புத்தகம் பாசலுக்குப் போய், நிலவறையின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டப்பட்டது. மூன்றாம் நாள் காலை லக்சனாவின் அழைப்பு வந்தது.

"அன்ரி, முந்தநாள் பூட்டேக்கை உங்கட மனுசன்ரை பேர்தான் கடைசி. இப்ப அதுக்குக் கீழை பதினொரு வரி."

"ஆர் பிள்ளை?"

"எல்லாம் எங்கட பேருகள். எல்லாத்துக்கும் நேற்றையத் திகதி."