சுவருக்குள் போன ஒயர்

காசு விழும் இடத்திலிருந்து வந்த இரண்டு ஒயர்களையும் இளமதி கழற்றிவிட்டாள். அதற்குப் பிறகும் மெஷினுக்குள் எண்ணிக்கைச் சக்கரம் 'டொக்' என்று ஒரு பல் நகர்ந்தது. ஏழு, எட்டானது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. செமஸ்டர் லீவு என்பதால் அண்ணாமலை நகரில் அந்த லாட்ஜே காலி. கடலூர் முதுநகரில் மிக்சி, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் இளமதியை லாட்ஜ் முதலாளி தட்சிணாமூர்த்தி இந்தப் பழைய பின்பால் மெஷினுக்காகத்தான், காசு போட்டு இரும்புக் குண்டை அடித்து ஆடும் பெட்டிக்காகத்தான், கூப்பிட்டிருந்தார். நாற்பது வருடமாக முன்கூடத்துச் சுவரோரம் கிடந்த பெட்டி அது.

"காசு போடாமலே ஆட்டம் ஏறுதும்மா. நாளைக்குப் பாண்டிச்சேரி பார்ட்டி இத வாங்க வர்றாங்க. எப்பிடியாச்சும் நிப்பாட்டிக் குடுத்துடு" என்றிருந்தார்.

சிக்கலான சங்கதி இல்லை. காசு விழுந்தால் மெல்லிய கம்பி ஒன்று அழுந்தும், இரண்டு தகடுகள் தொட்டுக்கொள்ளும், ரிலே என்ற காந்தச் சுவிட்ச் இழுக்கும், சக்கரம் ஓர் ஆட்டம் ஏறும். தகடுகளுக்குப் போகும் ஒயரையே கழற்றிய பிறகு ஏறக் கூடாது.

டொக். ஒன்பது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் தலையை விட்டாள். பழைய மரமும் எண்ணெய்ப் பிசுக்கும் மணத்தன. ரிலேயில் இன்னொரு ஜோடி ஒயர் பற்றவைத்திருந்தது, துணி சுற்றிய தடித்த மஞ்சள் ஒயர். அது பெட்டியின் முதுகு வழியாக வெளியேறி, சுவரில் ஒரு சின்ன ஓட்டைக்குள் போனது. அந்தக் காலத்தில் கல்லாவில் இருப்பவர் பட்டனை அழுத்தி ஆட்டம் கொடுக்க இழுத்த ஒயராக இருக்கும்.

"சார், இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லியே. பழைய கட்டிலு, மெத்த. பூட்டிதான் கெடக்கு." ரிசப்ஷனிலிருந்து குரல் மட்டும் வந்தது. சார்ஜுக்குப் போட்ட அவளுடைய போனும் அங்கேதான் இருந்தது.

மெஷினை நகர்த்திவிட்டு ஓட்டையருகே குனிந்தாள். உள்ளிருந்து காற்று வந்தது. பினாயில் வாடை. அதற்கடியில் மூத்திரம். அதற்கும் அடியில், புரையோடிய புண்ணின் வாடை.

டொக். டொக்.

அந்தப் பக்கம் ஒயரின் இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டாலும் ஆட்டம் ஏறும்; ஆனால் எலி கடித்தால் இப்படி விட்டுவிட்டு வராது. இளமதி ஓட்டையில் வாயை வைத்தாள்.

"யாருன்னா இருக்கீங்களா? இருந்தா ஒயரு ரெண்டையும் மூணு தடவ ஒட்ட வைங்க."

மழைச் சத்தம் மட்டும். பிறகு, நிதானமாக, டொக். டொக். டொக்.

லாட்ஜில் பாதிப் பங்கு வைத்திருந்தவர் ராஜாமணி, தட்சிணாமூர்த்தியின் மனைவிக்கு அண்ணன். இருபது நாளுக்கு முன் மலேசியா போய்விட்டதாகக் காலையில்தான் தட்சிணாமூர்த்தி சொல்லியிருந்தார்.

"ராஜாமணி சாரா?"

டொக்.

"கட்டிப் போட்டிருக்காங்களா?"

டொக் டொக் டொக் டொக் டொக்.

"யார்கிட்டம்மா பேசுற?"

தட்சிணாமூர்த்தி கூடத்து வாசலில் நின்றிருந்தார். மெஷினைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். ஒயரின் வழியே பார்வையைச் சுவர்வரை கொண்டுபோனார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் புரிந்துவிட்ட ஆளைப் போலத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கினார். அவள் டூல்ஸ் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தார். அவள் எழுவதற்குள் கூடத்து வாசல் ஷட்டர் இறங்கியது. பூட்டு விழுந்தது.

வராந்தாவில் செருப்புச் சத்தம். இன்னொரு பூட்டு. கதவு.

முதல் அடி மெத்தையில் விழுந்ததுபோல் மந்தமாகக் கேட்டது. இரண்டாவது அப்படி இல்லை. துணி அடைத்த வாயிலிருந்து வந்த ஓலம் ஓட்டை வழியே அவள் காதுக்குள் நேராக இறங்கியது. இளமதி ஷட்டரை இரு கைகளாலும் அறைந்தாள். கத்தினாள். தெருவில் மழை. மூன்று. நான்கு. எலும்பு நொறுங்கியது. ஏதோ ஈரமாகச் சுவரில் தெறித்தது. அடி நிற்கவில்லை. ஓலம் நின்றுவிட்டது.

ஷட்டர் பாதி ஏறியது. குனிந்து உள்ளே வந்தவரின் சட்டையில் ரத்தத்துக்கு அடியில் நிறம் தெரியவில்லை. சுத்தியலின் தலையில் முடி ஒட்டியிருந்தது.

"நீ ஏம்மா பேசுன?"

உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். அவள் மெஷினுக்குப் பின்னால் ஒடுங்கினாள். அவர் கையை ஓங்கினார்.

சரக்.

மஞ்சள் ஒயர் ஒரு சாண் சுவருக்குள் போனது.

அவர் திரும்பினார். ஒயர் மறுபடி நகர்ந்தது. விறைத்தது. மெஷினின் இரும்புக் கால்கள் தரையைக் கீறிக்கொண்டு சுவரை நோக்கி ஓர் அங்குலம் ஊர்ந்தன.

"இன்னுமா சாவல நீ?"

சுத்தியலைப் போட்டுவிட்டு ஒயரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று இழுத்தார்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

முட்டி சுவரில் மோதியது. விரல்கள் ஓட்டைக்குள் போயின. ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கி, ஒடிந்து, போயின. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு அலறினார். மணிக்கட்டு போனது. தோல் மட்டும் வெளியே சுருண்டு நின்றது. முழங்கை போனது.

"மச்சான்... வுட்ருடா... மச்சான்..."

இளமதி மெஷினைச் சுற்றிப் பாதி ஏறிய ஷட்டர்வரை பின்வாங்கினாள், கண்ணை அவரிடமிருந்து எடுக்காமல்.

தோள் சுவரோடு ஒட்டிவிட்டது. கன்னம் சுண்ணாம்பில் நசுங்கி, ஒரு கண் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஓட்டை ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதில்லை. தோள் மெதுவாக மடியத் தொடங்கியது.